ஓட்டப் பாதையும் அதன் வரைபடமும்: ஒரு வரலாற்று நோக்கு

திடலில் ஓடுவோனுக்கு வழி தெரியாமற் போவதில்லை. சுற்று ஒன்றுக்கு 400 மீட்டர் என்று வெள்ளைக் கோடுகளே சொல்லிவிடுகின்றன. சாலையில் ஓடுவோன் நிலை வேறு. வண்டிகளுக்காக அமைந்த சாலை, ஏதோ ஒரு விடியற்காலையில் சில மணி நேரத்திற்கு மட்டும் பந்தயத் திடலாக மாறுகின்றது. எங்கே தொடங்குவது, எந்தச் சந்தியில் திரும்புவது, இதுவரை எவ்வளவு தூரம் ஓடியாயிற்று என்பவற்றை அச்சாலை தானாகச் சொல்லாது. அவற்றைச் சொல்வதற்கென்றே ஏற்பட்டது ஓட்டப் பாதை வரைபடம். இன்று அது கைப்பேசித் திரையில் ஒரு வண்ணக் கோடாக நொடியில் தோன்றிவிடுகின்றது. அக்கோட்டுக்குப் பின்னால் நிற்கும் வரலாறோ நீளமானது. அதில் மிதிவண்டிச் சக்கரம் உண்டு. எஃகுச் சங்கிலி உண்டு. பெருவழியோரத்தில் நட்ட கல்லும் உண்டு.

இவ்வரலாற்றை ஜெலுத்தோங்கில் இருந்துகொண்டு எண்ணிப் பார்ப்பது பொருத்தமே. ஜெலுத்தோங் என்பது ஒரு மரத்தின் பெயர். அதன் பால் ஒரு காலத்தில் மெல்லும் கோந்து செய்வதற்கு ஏற்றுமதியானது. இன்று ஊரில் அம்மரத்தைத் தேடித்தான் பார்க்க வேண்டும். மரம் மட்டுமன்று, கரையும் பழைய இடத்தில் இல்லை. ஜெலுத்தோங்கின் கடலோரத்தில் இன்று விரைவுச்சாலையும் மாடிக் குடியிருப்புகளும் நிற்கும் நிலத்தின் பெரும்பகுதி, பழைய வரைபடங்களில் கடலாகவே காட்டப்பட்டிருக்கும். கடலைத் தூர்த்துப் பெற்ற நிலம் அது. அவ்விரைவுச்சாலையின் பெயரும் மாறியுள்ளது. ஜெலுத்தோங் விரைவுச்சாலையாக இருந்தது, மாநிலத்தின் இரண்டாம் முதலமைச்சர் 2010ஆம் ஆண்டு மறைந்தபின் துன் டாக்டர் லிம் சோங் இயூ விரைவுச்சாலை ஆயிற்று. மூத்தோர் பலர் இன்றும் பழைய பெயரையே வழங்குகின்றனர். ஆக, மரமும் கரையும் பெயரும் ஒருசேர மாறிய ஓர் ஊரில் வரைபடம் என்பது என்றென்றைக்கும் உரிய உண்மையன்று, வரைந்த நாளின் உண்மை என்பதை மாணவருக்கு எடுத்துக்காட்ட வேறு சான்று வேண்டியதில்லை.

பினாங்குத் தீவில் பிரான்சிஸ் லைட் 1786ஆம் ஆண்டு இறங்கினார். 18ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் போப்பம் என்னும் கடற்படை அதிகாரி வரைந்த ஜார்ஜ் டவுன் வரைபடம் இன்றும் ஆய்வாளர் கையாளும் ஆவணமாகும். அந்நாளைய நகரம் லைட் தெரு, கடற்கரைத் தெரு, பிட் தெரு, மலபார்த் தெரு என்னும் நான்கு எல்லைகளுக்குள் அடங்கியது. மலபார்த் தெரு என்று அன்று குறிக்கப்பட்டதே பின்னாளில் சூலியா தெரு ஆயிற்று. தென்னிந்தியரை மலபாரியர் என்று ஐரோப்பியர் அழைத்த காலம் அது. தமிழ் பேசுவோர் வாழ்ந்த தெரு, நகரின் மிகப் பழைய வரைபடங்களிலேயே இடம்பெற்றுவிட்டது. ஆனால் அவர்கள் தங்களை அழைத்துக்கொண்ட பெயரால் அன்று.

அத்தெருக்களையும் அவற்றினின்று பிரிந்த சாலைகளையும் போட்டவர் யார் என்பதை வரைபடம் சொல்வதில்லை. 1790ஆம் ஆண்டிலிருந்தே இந்தியக் கைதிகள் கடல் கடத்தி இத்தீவுக்குக் கொண்டுவரப்பட்டனர். வங்காளத்திலிருந்தும் சென்னை மாகாணத்திலிருந்தும் வந்த அவர்களைக் கொண்டே காடு வெட்டுதலும் சதுப்பு தூர்த்தலும் சாலை போடுதலும் நடைபெற்றன. அதன்பின் வந்த காலத்திலும் சாலைப் பணியில் தமிழரின் உழைப்பு மிகுதி. பந்தய நாளில் காலணி தேய ஓடுவோர், அந்தக் கைகள் முதலில் வகுத்த வழிகளின் மேலும் ஓடுகின்றனர்.

இன்னொரு செய்தியும் ஈண்டுக் குறிப்பிடத்தக்கது. தீபகற்ப மலேசியாவில் நிலப் பதிவுக்கான அளவை, மாநிலந்தோறும் ஒரு தொடக்கப் புள்ளியை வைத்துக் காசினி முறையில் கணிக்கப்பட்டு வந்துள்ளது. பினாங்குக்கும் செபராங் பிறைக்கும் உரிய அத்தொடக்கப் புள்ளி கார்ன்வாலிஸ் கோட்டையில் அமைந்தது. சுற்றுலாப் பயணிகள் பீரங்கியைப் பார்த்துவிட்டுத் திரும்பும் அக்கோட்டையிலிருந்துதான் ஜெலுத்தோங்கில் உள்ள ஒரு வீட்டு மனையின் எல்லைக்கல் வரை எண்ணப்பட்டது. மாணவரைக் கோட்டைக்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள் இதனையும் சொல்லலாமே!

தூரத்தை அளப்பதும், அளந்ததை வழிச்செல்வோனுக்கு அறிவிப்பதும் தமிழருக்குப் புதியன அல்ல. முதலாம் இராசராசன் காலத்தில், ஏறத்தாழ 1001ஆம் ஆண்டில், சோழநாட்டு நிலம் முழுவதும் அளக்கப்பட்டதும், அளவுகோலுக்கு உலகளந்த கோல் என்னும் பெயர் வழங்கியதும் வரலாற்று மாணவர் அறிந்தவை. அதனினும் நம் பொருளுக்கு நெருக்கமானவை தருமபுரிப் பகுதியில் கிடைத்த அதியமான் பெருவழிக் கற்கள். 13ஆம் நூற்றாண்டைச் சார்ந்தவையாகக் கருதப்படும் இக்கற்கள், அவ்விடத்திலிருந்து நாவல் தாவளம் என்னும் ஊர் எத்தனை காதம் என்பதைத் தெரிவிக்கின்றன. ஒரு கல்லில் 29 காதம் என்பது எழுத்தால் பொறிக்கப்பட்டுள்ளது. அதனுடன் இரண்டு பெரிய குழிகளும் ஒன்பது சிறிய குழிகளும் வெட்டப்பட்டுள்ளன. பெரிய குழி ஒன்று பத்து. சிறிய குழி ஒன்று ஒன்று. எழுத்தறியாத வணிகனும், இரவில் வருபவனும், கையால் தடவித் தூரத்தை அறிந்துகொள்ளலாம். வரைபடம் செய்வோர் அனைவரும் இக்கல்லின் முன் சற்று நின்று செல்ல வேண்டும் என்பேன். அளந்தவனுக்கு மட்டும் விளங்கும் அளவை அரை வேலை. களைத்து வருபவனுக்கும் விளங்கினால்தான் அது முழு வேலை.

நவீன நில அளவையும் தமிழகத்தில்தான் பெரிதாக வேர்விட்டது. 1794ஆம் ஆண்டு சென்னையில் தொடங்கிய நில அளவைப் பள்ளியே பின்னாளில் கிண்டிப் பொறியியற் கல்லூரியாக வளர்ந்தது. 1802ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் நாள், பரங்கிமலைக்கு அருகே வில்லியம் லாம்ப்டன் தம் அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். ஏறத்தாழ 12 கிலோமீட்டர் நீளமுள்ள அக்கோட்டை 100 அடி எஃகுச் சங்கிலியால் அளக்க 57 நாட்கள் ஆயின. சென்னை வெயிலில் சங்கிலி நீளும் என்பதால் வெப்பமானிகளை வைத்து, நீட்சியைக் கணக்கிட்டுக் கழித்தார். 1808ஆம் ஆண்டு தஞ்சையில் கோபுரத்தின் மேல் அவருடைய பெரிய கோணமானியை ஏற்றும்போது கயிறு அறுந்து கருவி சேதமுற்றது. அதனைத் தாமே பல வாரங்கள் முயன்று சீர்செய்தார் என்பர். ஓட்டப்பந்தயத்திற்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று வினவுவோர் சற்றுப் பொறுத்தருள்க. அந்த வெப்பமானி இக்கட்டுரையில் மீண்டும் வரும்.

மாரத்தான் ஓட்டம் 1896ஆம் ஆண்டு ஏதென்சில் நடந்தபோது அதன் தூரம் ஏறத்தாழ 40 கிலோமீட்டர். 'ஏறத்தாழ' என்பதே அக்காலத்தின் அளவு. ஊருக்கு ஊர், ஆண்டுக்கு ஆண்டு தூரம் மாறியது. 1908ஆம் ஆண்டு இலண்டனில் விண்ட்சர் அரண்மனையில் தொடங்கி விளையாட்டரங்கில் அரச இருக்கையின் முன் முடியுமாறு பாதை அமைந்ததால், தூரம் 26 மைல் 385 கஜம் ஆயிற்று, அதாவது 42.195 கிலோமீட்டர். 1921ஆம் ஆண்டு அதனையே உலகத் தடகளச் சம்மேளனம் நிலையான தூரமாக ஏற்றது. அரண்மனைக்கும் அரச இருக்கைக்கும் இடையில் தற்செயலாக அமைந்த எண், உலகெங்கும் இலட்சக்கணக்கானோர் மூச்சிரைக்க ஓடும் எண்ணாக நிலைத்துவிட்டது.

தூரம் நிலைத்தது, அதனை அளக்கும் முறை நிலைக்கவில்லை. காரின் தூரமானியைப் பார்த்து எழுதியோர் உண்டு. நில வரைபடத்தில் நூலை வைத்து அளந்தோரும் உண்டு. புகழ்பெற்ற பாஸ்டன் மாரத்தானே 1951 முதல் 1956 வரை ஒரு கிலோமீட்டருக்கும் மேல் குறைவாக ஓடப்பட்டது. சாலைகளைத் திருத்தி வளைவுகளை நேராக்கியபோது பாதை சுருங்கியது, வரைபடம் மாறவில்லை. அவ்வாண்டுகளில் கிடைத்த வியத்தகு நேரங்கள் யாவும் ஐயத்திற்கு உள்ளாயின. அக்காலத்தில் ஓடியோர் மேல் குற்றம் உண்டா? இல்லை. அவர்கள் தங்கள் முழு வலிமையையும் கொடுத்தே ஓடினர். சாலைதான் அவர்களை ஏமாற்றியது. வரைபடத்தில் நேரும் பிழை எத்தகைய அநீதி என்பதற்கு இது தக்க சான்றாகும்.

இந்நிலையை மாற்றியவர்களுள் முதன்மையானவர் டெட் கார்பிட். அடிமைகளாக வாழ்ந்தோரின் பேரர். 1952ஆம் ஆண்டு எல்சிங்கி ஒலிம்பிக்கில் அமெரிக்காவுக்காக மாரத்தான் ஓடியவர். பிரிட்டனில் ஜான் ஜூவெல் முதலியோர் மிதிவண்டியைக் கொண்டு சாலையளந்த முறைகளை ஆராய்ந்து, 1964ஆம் ஆண்டு ஓட்டச் சாலைகளை அளப்பது குறித்து ஒரு சிறு நூல் வெளியிட்டார். அவர் தேர்ந்த கருவி எளியது: மிதிவண்டிச் சக்கரம். 1971ஆம் ஆண்டு ஆலன் ஜோன்ஸ் என்னும் பொறியாளர், சக்கரத்தின் அச்சில் பொருத்தும் சிறு எண்ணியை வடிவமைத்தார். பள்ளி மாணவனாயிருந்த அவர் மகன் கிளெய்னும் அம்முயற்சியில் துணை நின்றான். சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் எண்ணி இருபதுக்கும் மேல் எண்ணும். அதாவது எண்ணியில் ஓர் எண் நகர்ந்தால் சாலையில் ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் கடந்தாயிற்று என்று பொருள். செயற்கைக்கோள்கள் வானை நிறைத்துள்ள இந்நாளிலும், பன்னாட்டு அங்கீகாரம் பெற வேண்டிய சாலையோட்டத்தின் தூரம் இந்த மிதிவண்டி முறையாலேயே அளக்கப்படுகின்றது. இதனைக் கேட்கும் மாணவர்கள் நம்ப மறுப்பதைப் பன்முறை கண்டிருக்கிறேன்.

முறை இதுதான். நேரான, சமமான சாலையில் குறைந்தது 300 மீட்டர் தூரத்தை எஃகு நாடாவால் அளந்து, இரு முனைகளிலும் ஆணி அடிக்கின்றனர். அத்தூரத்தில் மிதிவண்டியை நான்கு முறை ஓட்டி, எத்தனை எண்ணிக்கை என்று குறிக்கின்றனர். பிறகு பந்தயச் சாலை முழுவதையும் ஓட்டுகின்றனர். மீண்டும் திரும்பி வந்து அதே 300 மீட்டரில் நான்கு முறை. ஏனெனில் காலையில் இருந்த சக்கரம் முற்பகலில் இருப்பதில்லை. வெயில் ஏற ஏறக் குழாயிலுள்ள காற்று விரிந்து சக்கரம் பருக்கும், எண்ணிக்கை குறையும். எஃகு நாடாவும் 20 பாகை வெப்பத்திற்கென்று அளவிடப்பட்டது. பினாங்கின் 30 பாகையில் 300 மீட்டருக்கு மூன்றரைச் சென்டிமீட்டர் நீளும். அற்பம் என்று விட்டால் மாரத்தான் தூரத்தில் அது ஏறத்தாழ 5 மீட்டராக வளர்ந்துவிடும். லாம்ப்டனின் வெப்பமானி இங்கே மீண்டும் தலைகாட்டுவதைக் காண்க.

எந்தக் கோட்டில் ஓட்டுவது என்பதற்கும் விதி உண்டு. சாலையின் நடுவில் அன்று; ஓட்டக்காரன் செல்லக்கூடிய மிகக் குறுகிய வழியில். வளைவுகளில் ஓரக்கல்லிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி. ஒரு வளைவிலிருந்து மறு வளைவுக்குக் குறுக்காக நேர்கோட்டில். அதன்மேல் ஆயிரத்தில் ஒரு பங்கு தூரத்தைக் கூட்டுகின்றனர். மாரத்தானுக்கு அது 42 மீட்டர். குறைந்துவிடக் கூடாது என்பதற்காகவே இந்தக் கூடுதல். கடைக்காரர் நிறுத்தபின் மேலே ஒரு பிடி போடும் கொசுறு போன்றது அது. இக்கொசுறு இல்லாமற் போனதன் விலையை நியூயார்க் நகரம் அறியும். 1981ஆம் ஆண்டு அங்கே ஆல்பர்ட்டோ சலசார் 2 மணி 8 நிமிடம் 13 நொடியில் ஓடி உலகச் சாதனை என்று போற்றப்பட்டார். பின்னர் முறையாக அளந்தபோது பாதை ஏறத்தாழ 150 மீட்டர் குறைவு என்று தெரிந்தது. சாதனை நீங்கியது.

இனி இலக்கவியல் வரைபடத்திற்கு வருவோம். இடங்காட்டும் செயற்கைக்கோள்களுள் முதலாவது 1978ஆம் ஆண்டு ஏவப்பட்டது. படைத்துறைக்கென்று அமைந்த அவ்வசதி, 1983ஆம் ஆண்டு வழி தவறிய கொரியப் பயணிகள் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டபின் பொதுமக்களுக்கும் உறுதியளிக்கப்பட்டது. ஆயினும் பொதுமக்கள் பெறும் குறிப்பலையில் வேண்டுமென்றே பிழை கலக்கப்பட்டு வந்தது. 2000ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் அப்பிழை நீக்கப்பட்டது. அதன்பின் வளர்ச்சி விரைவானது. 2003ஆம் ஆண்டில் ஓட்டக்காரர் மணிக்கட்டில் அணியும் இடங்காட்டிக் கருவிகள் விற்பனைக்கு வந்தன. 2004ஆம் ஆண்டில் யாவரும் திருத்தக்கூடிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தோன்றியது. 2005ஆம் ஆண்டில் கூகுள் மேப்ஸ். பந்தய அமைப்பாளர் எவரும் கணினி முன் அமர்ந்து, சாலைமேல் புள்ளி புள்ளியாகச் சொடுக்கி, ஒரு மாலைப் பொழுதில் பாதை வரைந்துவிட முடியும் என்னும் நிலை ஏற்பட்டது.

வசதி வந்தது, அதனுடன் மயக்கமும் வந்தது. திரையில் தோன்றும் கோட்டை அளவை என்று எண்ணிவிடுகின்றனர். கோடு உண்மையில் புள்ளிகளின் வரிசை. இரு புள்ளிகளுக்கு இடையே நேர்கோடு. வளைவில் இரண்டே புள்ளி வைத்தால் வளைவு அறுபட்டுத் தூரம் குறையும். நடுச்சாலையில் புள்ளி வைத்துச் சென்றால் தூரம் கூடும். மணிக்கட்டுக் கருவியோ சில மீட்டர் இப்பக்கமும் அப்பக்கமும் தள்ளாடிப் பதிவு செய்யும். ஜெலுத்தோங்கின் கடலோர மாடிக் கட்டடங்களின் அருகிலும் மேம்பாலங்களின் அடியிலும் குறிப்பலை சிதறும். பந்தயம் முடிந்ததும், 'என் கருவி 42.7 காட்டுகிறது, உங்கள் பாதை தவறு' என்று அமைப்பாளரிடம் வாதிடுவோரை எல்லா ஊரிலும் காணலாம். பெரும்பாலும் தவறு கருவியினுடையது. அல்லது வளைவுதோறும் அகலச் சுற்றி ஓடிய கால்களுடையது.

இதனினும் நுட்பமான பொறி ஒன்றுண்டு. கணிதம் கற்பிக்கும் ஆசிரியர்கள் இதனை விரும்புவர். உருண்டை உலகைத் தட்டையாக்க மெர்க்காட்டர் 1569ஆம் ஆண்டு கண்ட முறையின் வழித்தோன்றலே இணைய வரைபடங்கள் பெரும்பாலானவற்றுக்கு அடிப்படை. அம்முறையில் நிலநடுக்கோட்டிலிருந்து விலக விலக நிலம் பெரிதாகத் தோன்றும். இலண்டனில் அது ஒன்றரை மடங்குக்கும் மேல். நாமோ நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஐந்தரைப் பாகையளவில் இருக்கிறோம். இங்கே பெருக்கம் ஆயிரத்தில் நாலரைப் பங்குதான். கண்ணுக்குத் தெரியாது. தெரியாததாலேயே இடர். வரைபடத்தின் தட்டை எண்களை அப்படியே எடுத்துத் தூரம் கணக்கிட்டால், மாரத்தானில் ஏறத்தாழ 190 மீட்டர் பொய்த்தூரம் சேர்ந்துவிடும். திரை 42.195 என்று காட்டும். ஓட்டக்காரர் கால்கள் 42 கிலோமீட்டரை மட்டுமே கடந்திருக்கும். இலண்டனில் இருப்பவன் முதற்பார்வையிலேயே பிழையைக் கண்டுகொள்வான். பினாங்கில் இருப்பவன் ஏமாறக்கூடும். நல்ல மென்பொருள்கள் உருண்டையின்மேல் கணக்கிட்டு இதனைத் தவிர்க்கின்றன. எது நல்லது என்று கேட்டறியும் பழக்கம் நம்மிடம் இருக்க வேண்டும்.

அவ்வாறாயின் இலக்கவியல் வரைபடத்தின் பயன் யாது? அளப்பது அதன் வேலையன்று. அறிவிப்பதே அதன் வேலை. இதற்குப் பினாங்குப் பாலத்தைக் காட்டிலும் நல்ல சான்று கிடைப்பது அரிது. 13.5 கிலோமீட்டர் நீளமும், அதில் கடலின்மேல் 8.4 கிலோமீட்டரும் கொண்ட இப்பாலம் 1985ஆம் ஆண்டு செப்டம்பர் 14ஆம் நாள் திறக்கப்பட்டது. ஜெலுத்தோங்குக்குத் தெற்கே குளுகோரில் அது தீவைத் தொடுகின்றது. இதன்மேல் நடைபெறும் பினாங்குப் பால அனைத்துலக மாரத்தான், நாட்டின் பெயர்பெற்ற ஓட்டங்களுள் ஒன்று. பல ஆண்டுகள் குவீன்ஸ்பே பேரங்காடியருகே இருளிலேயே தொடங்கி, விரைவுச்சாலை வழியே பாலத்தை அடைந்து திரும்பும் வகையில் அமைந்தது. 2014ஆம் ஆண்டில் மட்டும், அவ்வாண்டு மார்ச் முதல் நாள் திறக்கப்பட்ட இரண்டாம் பாலத்தில் ஓட்டம் நடந்தது. 24 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாலத்திற்குப் புதிய பாதை, புதிய வரைபடம்.

பாலத்தில் ஓடுவோனுக்கு அடையாளம் எதுவும் இல்லை. கடையில்லை, கோயிலில்லை, சந்தியில்லை. இருபுறமும் இருண்ட கடலும் வரிசையான விளக்குக் கம்பங்களுமே. எனவே பாலத்தின்மேல் ஓர் இடத்தைக் குறிப்பிட விளக்குக் கம்பமே துணை. அளவையாளர் திரும்புமிடத்தைக் குறிக்கும்போது, பெயராத ஒரு பொருளைத் தேர்ந்து, அதிலிருந்து இத்தனை மீட்டர் இத்தனை சென்டிமீட்டர் என்று நாடாவால் அளந்து எழுதி, சாலையில் ஆணியும் அடித்து வைப்பது முறை. செயற்கைக்கோள் தரும் அட்சரேகை எண்ணை மட்டும் நம்பிக் கூம்பை வைத்தால் சில மீட்டர் பிசகும். போய்த் திரும்பும் பாதையாதலால் பிசகு இரட்டிக்கும். கூம்பு 100 மீட்டர் தள்ளி நின்றால் ஓட்டம் 200 மீட்டர் மாறும். 2021ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பிரைட்டன் மாரத்தானில் இடம் தவறி வைத்த ஒரு கூம்பினால் பாதை 568 மீட்டர் நீண்டது. நம் அண்டை நாட்டிலோ, 2015ஆம் ஆண்டு பாங்காக் அரைமாரத்தானில் திரும்ப வேண்டிய இடத்தில் திருப்பாமல் விட்டதால், ஓட்டக்காரர் ஏறத்தாழ 6 கிலோமீட்டர் கூடுதலாக ஓட நேர்ந்தது. பாதை சரியாக அளக்கப்பட்டிருந்து என்ன பயன்? சந்தியில் நின்றவர் கையில் அது விளங்கும்படி இல்லை. அதியமான் கல்லின் குழிகளை இங்கே நினைத்துக்கொள்க.

பாலத்தில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஏற்ற இறக்கம் காட்டும் படத்தைக் கணினி தானே வரைந்து தரும். அதற்குரிய உயர எண்கள் பெரும்பாலும் வானிலிருந்து நிலத்தை அளந்து பெற்றவை. பாலத்தின் தளம் அவ்வெண்களில் ஒழுங்காகப் பதிவதில்லை. கப்பல்கள் அடியிற் செல்வதற்காக உயர்ந்து நிற்கும் நடுப்பகுதியில், மூச்சு வாங்க ஏறுகின்றவன் கடல் மட்டத்தில் ஓடுவதாகப் படம் காட்டக்கூடும். ஓடியவன் முழங்கால் அறியும் உண்மையைக் கணினி அறியவில்லை. எனவே வரைந்தவர் பாதையை ஒரு முறையேனும் நடந்தோ ஓடியோ பார்த்துத் திருத்த வேண்டும்.

நல்ல ஓட்டப் பாதை வரைபடம் மூவருக்காக எழுதப்படுகின்றது. ஓட்டக்காரருக்குத் தண்ணீர்ப் பந்தலும் கிலோமீட்டர்க் குறியும் தெரிய வேண்டும். தொண்டருக்கும் மருத்துவ வண்டி ஓட்டுநருக்கும் எந்த இடைவெளி வழியே உள்ளே நுழையலாம் என்பது தெரிய வேண்டும். மூன்றாமவர் ஓடாதவர், அவரைத்தான் பெரும்பாலோர் மறந்துவிடுகின்றனர். பந்தய நாளின் விடியலில் ஜெலுத்தோங் சந்தைக்குக் காய்கறி ஏற்றி வருபவர், இரவு வேலை முடிந்து தொழிற்சாலைப் பேருந்தில் வீடு திரும்புபவர், கோயிலுக்கும் தேவாலயத்திற்கும் செல்வோர், மருத்துவமனைக்கு விரைவோர் ஆகியோருக்கு எந்தச் சாலை எத்தனை மணிக்கு அடைபடும், எத்தனை மணிக்குத் திறக்கும் என்பதே வேண்டிய செய்தி. தாளில் அச்சிட்ட படத்தில் இதனைக் காட்டுவது கடினம். மணிக்கு மணி மாறும் நிலையைக் காட்டக்கூடிய இலக்கவியல் வரைபடத்தின் தனிச்சிறப்பு இங்கேதான் இருக்கின்றது. சாலையடைப்பு பொழுதுபோக்குக்குரிய செய்தியும் அன்று. 2017ஆம் ஆண்டு டிசம்பரில் கிள்ளானில் நடந்த மாரத்தானின்போது விடியுமுன் கார் மோதி ஓட்டக்காரர்கள் படுகாயமுற்றதை நாடறியும்.

நம் பள்ளிகளில் ஆண்டுதோறும் குறுக்கோட்டப் போட்டி நடத்துகின்றோம். அதற்குரிய பாதை பெரும்பாலும் உடற்கல்வி ஆசிரியரின் நினைவில் மட்டுமே இருக்கும். தூரம் 'மூன்று கிலோமீட்டர் இருக்கும்' என்ற அளவில் நிற்கும். இதனை மாணவரைக் கொண்டே வரைபடமாக்க முடியும். எங்கள் பள்ளியில் ஆறாம் ஆண்டு மாணவர்களைக் கொண்டு இதனைச் செய்து பார்த்தோம். மிதிவண்டிச் சக்கரத்தில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு. நாடாவால் அளந்த 50 மீட்டர். அதில் சக்கரம் எத்தனை சுற்று என்று எண்ணி, விகித முறையில் பாதையின் நீளம். ஒரு மாணவி எண்ணுவாள், ஒருத்தி எழுதுவாள், ஒருவன் தள்ளுவான், ஓர் ஆசிரியர் வண்டிகளைப் பார்த்து நிற்பார். கிடைத்ததைக் கணினியில் வரைந்த கோட்டின் நீளத்தோடு ஒப்பிட்டபோது இரண்டும் ஒன்றாக இல்லை. ஏன் இல்லை என்று தொடங்கிய வினாவுக்கு விடை காண இரண்டு கணிதப் பாடவேளைகள் போதவில்லை. வளைவு அறுபட்டதை அவர்களே கண்டுபிடித்தனர்.

அம்முயற்சியில் எதிர்பாராது நேர்ந்தது ஒன்றையும் சொல்ல வேண்டும். சந்திகளுக்குப் பெயர் எழுத முற்பட்டபோது, திரையில் இருந்த பெயர்களும் பிள்ளைகள் வீட்டில் கேட்ட பெயர்களும் வேறுபட்டன. ஜார்ஜ் டவுனில் லெபு பசார் என்று வரைபடம் குறிப்பதைத் தமிழர் கடைத்தெரு என்பர். அருவிச் சாலைப் பகுதியில் உள்ள குன்றைத் தண்ணீர்மலை என்று தைப்பூசத்திற்கு வரும் ஒவ்வொரு குடும்பமும் சொல்லும். இப்படி எத்தனையோ. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஓர் இடத்திற்குப் பல மொழிகளில் பெயர் பதிய வசதியுண்டு. தமிழுக்கும் தனி இடம் ஒதுக்கப்பட்டுள்ளது. அந்த இடம் பல தெருக்களுக்கு வெற்றாகவே கிடக்கின்றது. மலபார்த் தெரு என்று போப்பம் எழுதியபோது, அத்தெருவில் வாழ்ந்தோரைக் கேட்டு எழுதும் வழக்கம் இல்லை. இன்று எவரும் நம்மைத் தடுக்கவில்லை. பாட்டியிடம் கேட்டு, இரு முதியவரிடம் உறுதிசெய்து, எழுத்துப் பிழையின்றிப் பதிய வேண்டியதே நம் வேலை. அவ்வாறு பதிந்த பெயர், அடுத்த பந்தயத்தின் வரைபடத்தில் தொண்டர் ஒருவரின் கைப்பேசியில் தமிழில் தோன்றும்.

மாணவர்கள் அவ்வாண்டு முடிவதற்குள் பதினோரு பெயர்களைத் திரட்டினர். அவற்றுள் இரண்டில் முதியவர்களிடையே கருத்து வேறுபாடு இருந்ததால் அவ்விரண்டையும் பதியாமல் நிறுத்தி வைத்திருக்கிறோம்.